கண் இழந்த கேமராக்கள்

சிறிய டிஜிட்டல் கேமராவைச் செல்பேசி கொன்றுவிட்டது என்பது இன்று யாரும் மறுத்துப் பேசாத வரலாறாகிவிட்டது. ஆதாரமாக ஜப்பானியக் கேமரா உற்பத்தியாளர் கூட்டமைப்பின் கணக்கைக் காட்டுவார்கள். லென்ஸைக் கழற்றி மாற்ற முடியாத சிறு கேமராக்கள் 2010ஆம் ஆண்டில் மட்டும் பத்துக் கோடிக்கு மேல் ஆலைகளிலிருந்து வெளியேறின. 2023இல் அந்த எண்ணிக்கை இருபது லட்சத்தைத் தொடவில்லை. கணக்கில் பிழையில்லை, கொலை நடந்திருக்கிறது. குற்றவாளிக் கூண்டில் யாரை நிறுத்துவது என்பதில்தான் எங்களுக்கு உடன்பாடில்லை. செல்பேசி வந்து சேருமுன்பே அந்தக் கருவியின் கண்ணைப் பிடுங்கி, கையை ஒடித்து, வாயையும் கட்டிப்போட்டிருந்தார்கள் அதைச் செய்து விற்றவர்கள். செல்பேசி செய்ததெல்லாம் ஈமக்கடன்.

இதைப் பேச உங்களுக்கு என்ன தகுதி என்று கேட்கக்கூடும். நாங்கள் ஒளிப்படக் கலைஞர்கள் அல்லர். தமிழ் படிக்கிறவர்கள். விடுமுறை கிடைத்தால் சேலம், நாமக்கல் மாவட்டங்களில் கல்வெட்டு, நடுகல், பழங்கோயில் என்று சுற்றுகிறவர்கள். ஆறகழூரில் வாணகோவரையர் காலத்துக் கல்வெட்டு, தியாகனூரில் வயல்களுக்கு நடுவே வீற்றிருக்கும் புத்தர், தாரமங்கலத்தில் கெட்டி முதலிகள் எடுப்பித்த மண்டபம் என்று எங்கள் பயணங்கள் எல்லாம் பேருந்திலும் இருசக்கர வண்டியிலும் அடங்கிவிடும். யார் வீட்டுப் பரணிலாவது அட்டை கிழிந்த பழைய நூல் கிடைத்தால் அதைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து வைத்துக்கொள்கிறோம். ஆகவே கேமராவைப் பற்றி எங்களுக்கு ஒரே ஒரு கேள்விதான் உண்டு: கல்லில் இருப்பதும் ஏட்டில் இருப்பதும் படத்தில் இருக்கின்றனவா? கல்லில் இல்லாதது எதுவும் படத்தில் இல்லாமல் இருக்கிறதா? பிறந்தநாள் விழாவில் கன்னம் பளபளப்பது எங்கள் கவலையன்று.

(ஒரு சிறு இடைப்பிறவரல். ‘புகைப்படம்’ என்ற சொல்லில் புகை எங்கிருந்து வந்தது என்று கேட்டு ஒளிப்படம், நிழற்படம் என்று ஆளுக்கொரு சொல்லை முன்வைத்துத் தமிழன்பர்கள் போரிட்டுக்கொள்வதுண்டு. அப்போரில் நாங்கள் ஒளியின் பக்கம். கருவிக்கு மட்டும் கடைத்தெருவில் வழங்கும் கேமரா என்ற பெயரையே வைத்துக்கொள்கிறோம். அதைப் பழுது பார்ப்பவரிடம் ‘எண்ணிம ஒளிப்படக்கருவி’ என்று சொல்லி நிற்க எங்களுக்குத் துணிவில்லை.)

கண்ணிலிருந்து தொடங்குவோம். 2008இல் வெளிவந்த கேனன் பவர்ஷாட் ஏ590 ஐஎஸ் என்ற கேமராவை எடுத்துக்கொள்வோம். விலையில் அடிமட்டத்துக்குச் சற்று மேலே இருந்த ஒன்று. பகட்டு எதுவும் இல்லாதது. 8 மெகாபிக்சல், நான்கு மடங்கு ஜூம், இரண்டு ‘ஏஏ’ செல். வலப்பக்கம் கைக்குப் பிடிமானமாகப் புடைத்திருக்கும். மேலே ஒரு சக்கரம். அதில் துளை அளவையும் நேர அளவையும் நாமே வைத்துக்கொள்ளும் வசதிகள் முழுவதும் உண்டு. பின்பக்கத்தில் திரைக்கு மேலே, பட்டாணி அளவில் ஒரு கண்ணாடித் துளை. வியூஃபைண்டர் என்பது அதுதான். பார்வைத்துளை என்று சொல்லிக்கொள்வோம்.

அந்தத் துளையை அக்கால மதிப்புரையாளர்கள் ஏளனம் செய்யாத நாளில்லை. சுரங்கத்துக்குள் எட்டிப் பார்ப்பது போலிருக்கிறது என்றார்கள். விழப்போகும் படத்தில் ஐந்தில் நான்கு பங்கைத்தான் அது காட்டுகிறது என்றார்கள். துளை ஓரிடத்திலும் லென்ஸ் வேறிடத்திலும் இருப்பதால், அருகிலுள்ள பொருளைப் பார்க்கும்போது கண் காண்பது ஒன்றாகவும் படத்தில் விழுவது மற்றொன்றாகவும் ஆகிறது என்றார்கள். மூன்றும் உண்மை. தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலில் இராமன் மறைந்து நின்று வாலியைக் குறிவைக்கும் தூண் சிற்பத்தைக் கண்டவர்களுக்கு இது புதிதன்று. இராமன் நிற்குமிடத்திலிருந்து வாலி தெரிவான். வாலி நிற்குமிடத்திலிருந்து இராமன் தெரியான். பார்க்குமிடம் மாறினால் காட்சி மாறும். அந்தச் சிறு பிழையைத் தெரிந்துவைத்துக்கொண்டு, சற்று விலகி நின்று எடுக்க யாரும் ஒரே நாளில் பழகிவிடலாம்.

பழக முடியாதது வெயில். பெருமாள்முருகன் தம் முதல் நாவலுக்கு ‘ஏறுவெயில்’ (1991) என்று பெயர் வைத்தார். அந்தப் பெயரின் உக்கிரத்தை இந்தப் பகுதியில் யாருக்கும் விளக்க வேண்டா. நண்பகல் வெயில் என்பது ஏறத்தாழ ஒரு லட்சம் லக்ஸ் வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் அக்காலச் சிறு கேமராவின் திரை ஒரு கறுப்புக் கண்ணாடி. அதில் நம் முகமும் பின்னால் நிற்கும் பனைமரமும் தெரியும், எதிரே இருக்கும் நடுகல் தெரியாது. சித்திரை மாதத்தில் ஆத்தூர்ப் பக்கம் ஒரு வயல் வரப்பில் நின்று, ஒரு கையால் திரைக்கு நிழல் கட்டி, மறு கையால் கேமராவை நீட்டிப் பிடித்து, கை நடுங்கப் படமெடுத்தவர்களுக்கு அந்தப் பட்டாணித் துளையின் அருமை தெரியும். கேமராவைப் புருவத்தோடு அணைத்துக்கொண்டால் இரண்டு கைகளோடு நெற்றியும் மூன்றாவது தாங்கலாகிறது. படம் அசைவதில்லை. இந்த எளிய உடற்கூற்று உண்மையைச் செய்முறையில் கண்டறிய ஒளிப்படக் கலைக்கு நூறாண்டு பிடித்தது. அதை அழிக்க விற்பனைப் பிரிவுக்கு நான்கைந்து ஆண்டுகளே போதுமானதாக இருந்தன.

2010இல் அதே வரிசையில் ஏ3000 ஐஎஸ் வந்தது. பார்வைத்துளை போயிற்று; பொதுச் செல்கள் போயின; துளை அளவையும் நேர அளவையும் நாமே வைக்கும் வசதியும் போயிற்று. கிடைத்தது என்ன? சற்றுப் பெரிய திரை, சற்று மெலிந்த உடல். பிற நிறுவனங்கள் இதை முன்பே செய்து முடித்திருந்தன; கேனனைச் சொல்வது அது கடைசிவரை கொஞ்சம் தயங்கியது என்பதால்தான். அத்தயக்கத்தின் அடையாளமாக 2011இல் ஏ1200, 2012இல் ஏ1300, 2013இல் ஏ1400 என்று பார்வைத்துளையும் ஏஏ செல்லும் கொண்ட மலிவுக் கேமராக்கள் மூன்றை வெளியிட்டது. ஆனால் அவற்றில் கைவிசை வசதிகள் இல்லை. கண்ணைத் திருப்பித் தந்துவிட்டுக் கையைப் பறித்துக்கொண்ட கதை. ஏ1400க்குப் பிறகு அந்த வழி முற்றாக அடைபட்டது.

‘மக்கள் கேட்டதைத்தானே கொடுத்தார்கள்’ என்பது இங்கே வழக்கமாக எழும் வாதம். மக்கள் கேட்டார்களா, அல்லது கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த அட்டையில் மூன்றே மூன்று எண்களை எழுதி அவற்றை மட்டும் ஒப்பிட மக்களைப் பழக்கினார்களா? மெகாபிக்சல் எத்தனை, ஜூம் எத்தனை மடங்கு, திரை எத்தனை அங்குலம். சேலத்துக் கடைகளில் 2000களின் பிற்பகுதியில் கேமரா வாங்கிய எவரையும் கேட்டுப் பாருங்கள். விற்பவர் சொன்னது இந்த மூன்றைத்தான். வெயிலில் திரை தெரியுமா என்று கடைக்குள் நின்றுகொண்டு யாருக்கும் கேட்கத் தோன்றாது. குளிரூட்டிய அறையில் எல்லாத் திரையும் தெரியும்.

அந்த மெகாபிக்சல் என்ற சொல்லோடு எங்களுக்குத் தனிப்பகை உண்டு. ஏ590 ஐஎஸ் போன்ற கேமராக்களில் ஒளியைப் பதியும் உணரி சுமார் 5.8 மில்லிமீட்டர் நீளமும் 4.3 மில்லிமீட்டர் அகலமும் கொண்டது. நம் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. பழைய 35 மி.மீ. பிலிம் சட்டத்தில் அது ஏறத்தாழ 35இல் ஒரு பங்கு. அந்த நகத்தளவு வயலில் முதலில் 4 கோடுகள் உழுதார்கள். பின் 8, பின் 12, பின் 16. வயல் பெரிதாகவில்லை, வரப்புகள்தான் பெருகின. ஒவ்வொரு பிக்சலுக்கும் கிடைக்கும் ஒளி குறைந்தது. கோயிலின் உள்மண்டபம் போன்ற மங்கலான இடத்தில் படம் முழுவதும் மணல் தூவியதுபோல் ஆயிற்று. அந்த மணலை மறைக்கக் கேமராவுக்குள்ளிருந்த மென்பொருள் படத்தை மெழுகத் தொடங்கியது. சாணம் மெழுகிய தரை பார்க்க அழகுதான். அதில் எறும்பின் தடத்தைத் தேட முடியாது.

இன்னொன்றும் உண்டு, இது இயற்பியல். எந்த லென்ஸும் ஒரு புள்ளியைப் புள்ளியாகவே பதிப்பதில்லை. துளையின் அளவைப் பொறுத்து ஒரு சிறு வட்டமாகவே பதிக்கும். எஃப் 5.6 என்ற அளவில் அவ்வட்டத்தின் விட்டம் சுமார் 7 மைக்ரான். 16 மெகாபிக்சல் சிறு உணரியில் ஒரு பிக்சலின் அகலமோ ஒன்றரை மைக்ரானுக்கும் குறைவு. ஆக, ஒரே புள்ளியைக் குறுக்குவாட்டில் ஐந்து பிக்சல்கள் பங்குபோட்டுக்கொள்கின்றன. கூடுதல் பிக்சலால் கூடுதல் விவரம் கிடைக்காது. கோப்பின் எடைதான் கூடும். இது பொறியாளர்களுக்குத் தெரியாத செய்தியா? கேனன் தன் உயர்நிலைச் சிறு கேமராவான ஜி10ஐ 2008இல் 14.7 மெகாபிக்சலில் வெளியிட்டு, அடுத்த ஆண்டே ஜி11ஐ 10 மெகாபிக்சலுக்கு இறக்கியது. எண்ணைக் குறைத்ததையே சிறப்பாகச் சொல்லியும் விற்றது. அறிவு இருந்தது, அதை விலை உயர்ந்த பெட்டிக்குள் மட்டும் வைத்தார்கள். எளியவன் வாங்கும் பெட்டியில் எண் ஏறிக்கொண்டே போயிற்று.

வாயைக் கட்டினார்கள் என்றோமே, அது ரா கோப்பைப் பற்றியது. உணரி கண்டதைக் கண்டபடியே எழுதிவைக்கும் கோப்பு அது. மூலச்சுவடி என்று கொள்ளலாம். ஜேபெக் என்பது பதிப்பாசிரியர் ஒருவர் தம் விருப்பப்படி திருத்திச் சுருக்கிய பதிப்பு. சுவடி படித்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. பதிப்பை நம்பிச் சுவடியை எரித்துவிடுகிறவனை என்னவென்பது? 2004இல் வந்த ஜி6 கேமராவில் ரா இருந்தது. 2006இல் ஜி7 வந்தபோது அதை நீக்கினார்கள். கூச்சல் எழுந்தது, 2007இல் ஜி9இல் திருப்பித் தந்தார்கள். மலிவுக் கேமராக்களுக்கோ அது தரப்படவே இல்லை. அவற்றின் வன்பொருளுக்கு அந்த வல்லமை இல்லையோ என்று நினைப்போமானால், அதற்கும் விடை கிடைத்தது. சிஎச்டிகே என்ற பெயரில் தன்னார்வலர்கள் எழுதிய ஒரு சிறு நிரலை நினைவட்டையில் போட்டுவிட்டால், ஏ570 ஐஎஸ், ஏ590 ஐஎஸ் உள்ளிட்ட கேமராக்கள் ரா கோப்பை எழுதின. யாரும் கேமராவைத் திறக்கவில்லை, எதையும் மாற்றவில்லை. அட்டையை எடுத்துவிட்டால் கேமரா பழையபடி ஆகிவிடும். அவ்வளவு காலமும் அந்த வாய் பேசத் தெரிந்த வாய்தான்.

செல்லைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் ஏஏ செல் சங்ககிரிப் பேருந்து நிலையத்துப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். (மட்டமான செல்லைப் போட்டால் பத்துப் படத்தில் உயிர்விடும் என்பதும், நல்ல மறுமின்னேற்றச் செல் நான்கு வாங்கிவைப்பதே முறை என்பதும் அனுபவப்பட்டவர்கள் அறிந்தது. ஃபிளாஷ் மறுபடி மூச்சுப் பிடிக்க நேரமாகும் என்ற குறையும் உண்மை.) ஆனால் ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு வடிவத்தில் செய்த லித்தியம் வில்லைகள், அந்நிறுவனம் மாதிரியை நிறுத்திய சில ஆண்டுகளில் அசலாகக் கிடைப்பதில்லை. கேமரா நன்றாக இருக்க, வயிறு வீங்கிய மின்கலத்தால் அது பெட்டிக்குள் கிடக்கிறது. சோனியின் மெமரி ஸ்டிக், ஒலிம்பஸும் ஃபியூஜியும் கொண்டுவந்த எக்ஸ்டி அட்டை ஆகியவற்றின் கதையும் இதுவே. 2010 வாக்கில் அவரவரே எஸ்டி அட்டைக்குத் திரும்பினார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பர் முதல் கேமராக்களுக்கும் பொதுவான டைப்-சி மின்னேற்றத் துளையைச் சட்டமாக்கியபிறகுதான் அந்தக் கம்பிகளின் அராஜகம் ஓய்ந்தது. சட்டம் போட்டுத்தான் இவர்களிடம் நல்லறிவை வாங்க வேண்டியிருக்கிறது.

இனி ஃபிளாஷ். கல்வெட்டு எழுத்து என்பது நிறமன்று, பள்ளம். பள்ளம் கண்ணுக்குத் தெரிவது நிழலால். நிழல் விழ வேண்டுமானால் ஒளி பக்கவாட்டிலிருந்து, கல்லைத் தடவிக்கொண்டு வர வேண்டும். காலை எட்டு மணிக்குத் துலக்கமாகத் தெரியும் கல்வெட்டு பதினோரு மணிக்குக் காணாமற்போவதை அலைந்தவர்கள் அறிவார்கள். தாரமங்கலம் கோயில் மேற்கு நோக்கியது. சாயங்கால வெயில் உள்ளே சாயும்போதுதான் அதன் தூண்கள் பேசும். சிறு கேமராக்களில் ஃபிளாஷை எங்கே வைத்தார்கள்? லென்ஸுக்கு இரண்டு விரற்கடை தள்ளி, நேர் எதிரே பாய்ச்சும்படி. அது அடித்தால் பள்ளமும் மேடும் ஒரே வெள்ளையாகி, கல்வெட்டு வெறுங்கல்லாகிவிடும். அட்டையில் ‘ஃபிளாஷ் உண்டு’ என்று போடுவதற்காக மட்டும் வைத்த உறுப்பு அது. கழற்றிப் பக்கவாட்டில் பிடிக்க ஒரு கம்பித்துளை வைத்திருந்தால் எங்கள் வாழ்வே வேறாக இருந்திருக்கும். அது விலை உயர்ந்தவற்றுக்கே உரியது என்று முடிவுசெய்துவிட்டார்கள்.

நாமக்கல் மலையின் இரு பக்கங்களிலும் குடையப்பட்ட நரசிம்மர், அரங்கநாதர் குடைவரைகளை இங்கே நினைக்க வேண்டும். அதியர் குலத்துக் குணசீலன் எடுப்பித்ததாகவும், ‘அதியேந்திர விஷ்ணுகிருகம்’ என்று பெயர் பெற்றதாகவும் அங்குள்ள கிரந்த எழுத்துக் கல்வெட்டால் அறிகிறோம். எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பது ஆய்வாளர் முடிவு. இத்தகைய இடங்களில் அனுமதி பெற்றே படமெடுக்க வேண்டும், ஃபிளாஷ் கூடவே கூடாது, இரண்டும் நியாயமே. அங்கே வேண்டுவது என்ன? முக்காலியில் கேமராவை நிறுத்தி, நேரத்தை நாமே நீட்டிவைத்து, ஒரு சிறு டார்ச்சைச் சுவரோரமாகச் சாய்த்துப் பிடித்துக்கொள்ளும் வசதி. ஒளியின் திசையை மாற்றி மாற்றிப் பல படங்கள் எடுத்து, பிறகு கணினியில் ஒளியை நம் விருப்பப்படி நகர்த்திப் பார்க்கும் முறையை எச்.பி. ஆய்வகத்தின் டாம் மால்ஸ்பெண்டர் 2001இலேயே வெளியிட்டுவிட்டார். அதற்கான மென்பொருள் இலவசம். அதற்கு வேண்டியதெல்லாம் படத்துக்குப் படம் தன்னிச்சையாக எதையும் மாற்றாத ஒரு கேமரா. ஏ590 ஐஎஸ் அதற்குப் போதும். அதற்கடுத்து வந்த மெலிந்த அழகிகள் போதா.

தன்னிச்சை என்றதும் வெள்ளை நினைவுக்கு வருகிறது. எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் என்றே கொள்வது கேமராவின் ஒளிமானி. ராசிபுரம், நாமகிரிப்பேட்டை வழியில் ஜவ்வரிசி காயும் களத்தைத் தானியங்கியில் படமெடுங்கள். மழைமேகம் கவிந்த சேறுபோல் வரும். சேலத்தில் மேக்னசைட் வெட்டிய கரடும் அப்படியே. நேர்மாறாக, எண்ணெய் ஏறிக் கறுத்த கற்சிலை வெளிறிச் சாம்பலாகும். வெளிச்சத்தை ஒரு படி கூட்டவும் குறைக்கவும் விரலெட்டும் இடத்தில் ஒரு பொத்தான் இருந்தால் தீர்ந்தது. அந்தப் பொத்தானை மெனுவுக்குள் மெனுவாகப் புதைத்துவிட்டு, ‘புன்னகை அறிதல்’, ‘நாய் பூனை முகம் அறிதல்’ ஆகியவற்றுக்கு முகப்பில் இடம் கொடுத்தார்கள்.

இப்படியாகக் கண்ணில்லாத, கைப்பிடியில்லாத, தன்விருப்பமாக மெழுகுகிற, திரையை நீட்டிப் பார்த்து எடுக்கிற ஒரு மெல்லிய பலகையாகக் கேமராவை ஆக்கி முடித்தபோது, அதே வேலையைச் செய்கிற, கூடவே பேசவும் செய்கிற இன்னொரு பலகை வந்து சேர்ந்தது. இரண்டு பலகைகளில் ஒன்றை மட்டும் மக்கள் சுமந்தார்கள். இதில் வியக்க என்ன இருக்கிறது?

செல்பேசியே போதுமே, அதில் எல்லாம் பளிச்சென்று வருகிறதே என்போர்க்கு எங்கள் மறுமொழி சற்றுக் கடுமையானது. செல்பேசியின் நன்மைகளை நாங்கள் மறுக்கவில்லை. எடுத்த இடத்தைத் தானே குறித்துக்கொள்கிறது. எடுத்த கணத்தில் அறிஞருக்கு அனுப்பிவிடலாம். சிலவற்றில் ரா கோப்பும் உண்டு. ஆனால் அது இயல்பாகத் தரும் படம் ஒரே நொடியில் எடுத்த பல படங்களைச் சேர்த்து, இது இன்ன பொருளாகத்தான் இருக்கும் என்று ஊகித்து, விளிம்புகளைக் கூர்தீட்டித் தருவது. 2023 மார்ச்சில் ஒரு பயனர் நிலவின் படத்தை வேண்டுமென்றே மங்கலாக்கி, கணினித் திரையில் காட்டி, அதைச் சாம்சங் செல்பேசியால் படமெடுத்தார். மங்கல் படத்தில் இல்லாத பள்ளங்கள் செல்பேசிப் படத்தில் வந்து நின்றன. நிலவென்று அறிந்தால் செயற்கை நுண்ணறிவு விவரத்தைச் செறிவாக்கும் என்பதை நிறுவனமும் விளக்கியது. இதற்குப் பத்தாண்டு முன்பு, 2013இல், ஜெர்மானியக் கணினி அறிஞர் டேவிட் கிரீசல் வேறொன்றைக் கண்டுபிடித்தார். சில ஜெராக்ஸ் எந்திரங்கள் வருடி எடுத்த கட்டட வரைபடங்களில் எண்கள் மாறியிருந்தன. 6 இருந்த இடத்தில் 8. கோப்பைச் சுருக்குவதற்காக, ஒன்றுபோல் தோன்றும் வடிவங்களில் ஒன்றை எடுத்து மற்றதன் இடத்தில் எந்திரமே ஒட்டியிருக்கிறது. மங்கலாக வந்திருந்தால் ஐயம் எழுந்திருக்கும். தெளிவாக வந்ததுதான் கேடு.

இப்போது கல்லுக்கு வாருங்கள். கல்வெட்டுகளில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவதில்லை. குறில் நெடில் வேறுபாடும் கொம்பில் காட்டப்படுவதில்லை. சொல்லைச் சூழலால் உய்த்துணர்கிறோம். அந்நிலையில், கல்லில் உளி தெறித்த ஒரு பொரிவை ‘இது புள்ளிதான்’ என்று கருவி கூர்தீட்டிவிட்டால் என்ன ஆகும்? வெடிப்பொன்று காலாக நீண்டால்? ஓர் ஊர்ப்பெயர் மாறும், ஒரு கொடையின் அளவு மாறும். படம் எடுத்தவருக்கும் தெரியாது, படிப்பவருக்கும் தெரியாது. நாளைக்குச் சாலை அகலப்படுத்தும்போதோ வீட்டுக்குக் கடைக்கால் போடும்போதோ அந்தக் கல் போய்விட்டால், எஞ்சுவது அந்தப் படம் மட்டுமே. நனைத்த தாளைக் கல்லின்மேல் ஒற்றி, தூரிகையால் தட்டிப் பள்ளத்தில் பதியவைத்து, மசி ஒற்றி எடுக்கும் மசிப்படி இன்றுவரை மதிக்கப்படுவது ஏன்? அதற்கு எதையும் ஊகிக்கத் தெரியாது. ஊகிப்பது படிக்கிறவன் வேலை, எடுக்கிற கருவியின் வேலையன்று. பழைய சிறு கேமராவின் மணல் தூவிய படத்தைக்கூட நாங்கள் ஏற்போம். தெரியாததைத் தெரியவில்லை என்று அது ஒப்புக்கொள்கிறது.

சிறு கேமராதான் இப்போது மீண்டும் வருகிறதே என்று மகிழ்வோர் உண்டு. எது வருகிறது என்று பாருங்கள். 2016இல் வந்த இக்சஸ் 285 எச்எஸ் (அமெரிக்காவில் எல்ஃப் 360 எச்எஸ்) என்ற கேமராவையே கேனன் 2025இல் பெயருக்குப் பின்னால் ஓர் எழுத்தைச் சேர்த்து, எஸ்டி அட்டைக்குப் பதில் மைக்ரோ எஸ்டி வைத்து, பழையதைவிடக் கூடுதல் விலைக்கு மறுவெளியீடு செய்திருக்கிறது. பார்வைத்துளை இல்லை, தனி வடிவ மின்கலம், நகத்தளவு உணரியில் 20 மெகாபிக்சல், ஜூமை முழுதும் நீட்டினால் எஃப் 7 என்ற இருட்டு லென்ஸ். ஒன்பது ஆண்டுகளில் அவர்கள் கற்றது, பழையதற்கு ஏக்கம் என்று ஒரு சந்தை உண்டு என்பதை மட்டுமே. மறுபக்கம் ஃபியூஜிஃபிலிம் எக்ஸ்100 வரிசை. கண்ணும் கையும் சீராக அமைந்த கருவி. 2024இல் வந்த ஆறாம் பதிப்பின் விலை நம் நாட்டில் ஒன்றரை லட்சம் ரூபாயை ஒட்டியது. நல்ல வடிவமைப்பு என்பது செல்வர்க்கு உரியது, எஞ்சியோர்க்கு ஏக்கம் போதும் என்று பிரித்துவிட்டார்கள்.

பழைய சிசிடி உணரியின் நிறத்தில் ஏதோ மாயம் இருக்கிறதென்று நகரத்து இளைஞர்கள் பழைய கேமராக்களைத் தேடி வாங்குவதையும் பார்க்கிறோம். மாயம் ஏதுமில்லை. அதன் நிறம் அதற்குள்ளிருந்த மென்பொருள் கலந்த நிறம். அவர்கள் தேடுவது தோழியின் முகத்தில் விழும் ஃபிளாஷ் வெளிச்சத்தை. தேடட்டும், அதில் எங்களுக்கு வழக்கில்லை. ஆனால் அந்த மோகத்தால் இரண்டாங்கைச் சந்தையில் விலை ஏறுகிறது. கல்வெட்டுக்கு உதவக்கூடிய கருவியும் சேர்ந்தே அள்ளிச் செல்லப்படுகிறது என்பதுதான் வருத்தம்.

ஆகவே நண்பர்களுக்கு ஒன்று சொல்கிறோம். உங்கள் வீட்டு அலமாரியில், 2005க்கும் 2009க்கும் இடைப்பட்ட ஏதாவது ஒரு சிறு கேமரா நிச்சயம் கிடக்கும். எடுத்துப் பாருங்கள். செல் அறையைத் திறந்து, கம்பிச்சுருளில் பச்சை பூத்திருந்தால் எலுமிச்சைச் சாறு தொட்ட பஞ்சால் துடைத்து உலரவிடுங்கள். செல் மூடியின் கொக்கி ஒடிந்திருப்பது வழக்கமான நோய். ஒரு ரப்பர் பட்டை போதும். லென்ஸ் வெளியே வரும்போது நறநறவென்று ஓசை கேட்டால் உள்ளே மணல் புகுந்திருக்கிறது; வலிந்து இயக்க வேண்டா. மேல்சக்கரத்தில் ‘எம்’ என்ற எழுத்து இருக்கிறதா, பின்னால் கண் வைக்கத் துளை இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இருந்தால் கைவிடாதீர்கள்; விற்கத்தான் வேண்டுமென்றால் எங்களுக்கு எழுதுங்கள். 2005ஐ ஒட்டிய மாதிரிகள் பலவற்றில் 2 ஜிபிக்கு மேற்பட்ட அட்டை வேலை செய்யாது. அந்தச் சிறிய அட்டை இப்போது கடைகளில் அரிது. பழைய கேமரா பையின் பக்கவாட்டு அறையில் ஒருமுறை கைவிட்டுத் தேடிவிட்டுக் கடைக்குப் போங்கள்.